பார்வையற்ற வாசகர்களுக்கு நூல் தயாரிக்கும் இணையவழித் தன்னார்வலர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வையற்ற மாணவர்களும் வாசகர்களும் கேட்கும் தமிழ் நூல்களைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் மென்பொருள்) படிக்கக்கூடிய உரையாக மாற்றித் தருவது எங்கள் அமைப்பின் வேலை. சில நூல்களை ஒலிப்பதிவாகவும் தருகிறோம். லாப நோக்கம் கிடையாது. வேலை முழுக்க இணையவழியில்தான். புதிதாகச் சேருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே உள்ளன. அறிமுகக் கூட்டத்துக்கு வருமுன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும்?

பெரும்பாலும் மெய்ப்புப் பார்ப்பதுதான். ஒரு நூலை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, வருகிற உரையைப் பத்துப் பதினைந்து பக்கங்களாகப் பிரித்து அனுப்புவோம். ஒரு பக்கம் ஸ்கேன் படம், இன்னொரு பக்கம் உரை. இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவீர்கள். நீங்கள் முடித்ததை வேறொருவர் மறுபடியும் பார்ப்பார். ஒரே ஆள் இரண்டு சுற்றும் பார்ப்பதில்லை. நம் கண் நம் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

மெய்ப்பில் கை பழகிய பிறகு, விருப்பமிருந்தால், படங்களுக்கு விளக்கம் எழுதும் குழுவில் சேரலாம்.

எனக்குக் குரல் நன்றாக இருக்கும். நேராக ஒலிப்பதிவுக்கு வரலாமா?

வரலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். வருகிறவர்களில் நிறையப் பேர் வாசிக்கத்தான் விரும்புகிறார்கள். வாசகர்களோ பெரும்பாலும் உரையைத்தான் கேட்கிறார்கள். காரணம் எளிது. உரையில் ஒரு சொல்லைத் தேடலாம், எழுத்துக்கூட்டிக் கேட்கலாம், பிரெய்லியில் அச்சிடலாம், தேர்வுக்கு முந்தின இரவு வேண்டிய பத்திக்கு நேராகத் தாவலாம். ஒலிப்பதிவில் இவ்வளவும் நடக்காது.

கதை, கவிதை, தன்வரலாறு இவற்றுக்குக் குரல் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஐந்து நிமிட மாதிரி அனுப்புங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மின்விசிறியும் குக்கர் விசிலும் கேட்கக் கூடாது. நாடகம் போல நடித்து வாசிக்க வேண்டாம். கேட்பவர் வேகத்தைக் கூட்டித்தான் கேட்பார், உங்கள் ஏற்ற இறக்கமெல்லாம் அப்போது கேலிச்சித்திரம் ஆகிவிடும்.

இணையத்திலேயே நிறையத் தமிழ் பி.டி.எஃப். கிடைக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா?

அவற்றில் பாதி வெறும் படம். திரைவாசிப்பானைப் பொறுத்தவரை அது வெற்றுப் பக்கம்.

மீதியில் கணிசமானவை, இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை: பாமினி, வானவில், டாம், டாப் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. இவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று ஒப்பிக்கும். ஒரு வரலாற்றுப் பாடம் முழுவதையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கோப்புகளை மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கலாம், ஆனால் மாற்றியும் ஆங்காங்கே சொதப்பும். அதனால் அவையும் மெய்ப்புக்கு வரும்.

மெய்ப்பில் எந்த மாதிரிப் பிழைகளைத் தேட வேண்டும்?

நீங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ பிழை திருத்தியவராக இருந்தால், அந்தப் பழக்கம் பாதிதான் உதவும். அங்கே கண்ணுக்குத் தெரிகிற பிழையைத் தேடினீர்கள். இங்கே ஆபத்தானவை கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து காதுக்குத் தப்பாகக் கேட்பவை.

முதலிடம் ‘அவா்கள்’ என்ற சொல்லுக்கு. நன்றாகப் பாருங்கள், அதில் ‘ர்’ இல்லை. துணைக்காலின் மேல் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. அச்சில் வேறுபாடே தெரியாது. திரைவாசிப்பான் அந்த இடத்தில் தடுமாறும், ‘அவர்கள்’ என்று தேடினாலும் அகப்படாது. தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரவே வராது என்பதால் இதை மட்டும் ‘தேடி மாற்று’ வசதியில் ஒரே மூச்சில் திருத்தலாம்.

இரண்டாவது ஔகாரம். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஒன்று. எழுத்துணரி அதை ‘ஒ’, ‘ள’ என இரண்டாகப் பிரித்து ‘ஒளவையார்’ என்று தரும். பார்க்க ஒன்றே, கேட்டால் ஒ-ள-வையார். ‘கௌதமர்’ இதே வழியில் ‘கெளதமர்’ ஆவார். இதற்கு ‘தேடி மாற்று’ வேண்டவே வேண்டாம். ஒளியும் கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வரியின் கடைசியில் உடைந்த சொற்கள். அச்சில் இடமில்லாமல் ‘எழுத்தா’ என்று நிறுத்தி அடுத்த வரியில் ‘ளர்’ என்று தொடர்ந்திருப்பார்கள். அதைச் சேர்த்துவிடுங்கள். கவிதையில் மட்டும் வரிகளைச் சேர்க்காதீர்கள்: அங்கே அடி எங்கே முடிகிறதோ அங்கே முடிந்தாக வேண்டும், சீர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அச்சில் இருப்பது போலவே இருக்க வேண்டும்.

பழைய நூல்கள் தனிக் கதை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை மாதிரி முன்பக்கம் வளைந்த ஒரே வடிவமாகவும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாத ஒட்டெழுத்தாகவும் அச்சாயின. எழுத்துணரி இவற்றைக் கண்டு திகைத்து, வாய்க்கு வந்ததைத் தரும். பழைய வடிவங்களைப் படித்துப் பழகாதவர்களுக்கு இந்த நூல்களை அனுப்பமாட்டோம். வீட்டில் அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளைப் பைண்டு செய்து வைத்துப் படித்து வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம் பக்க எண். அதை அழிக்கக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் ‘45-ஆம் பக்கம் எடு’ என்றால் பார்வையற்ற மாணவரும் அங்கே போக வேண்டுமே. ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் ‘பக்கம் 45’ என்று தனி வரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திரும்பத் திரும்ப வரும் நூல்பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். இயல் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. கோப்பில் ‘தலைப்பு’ என்ற பாணியைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரே விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும்.

என் கோப்பு சரியாக இருக்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற நிரலர் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ்க் குரலும் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கும். திரையை அணைத்துவிட்டு இரண்டு பக்கம் கேட்டால், நான்கு முறை கண்ணால் பார்த்தும் தப்பிய பிழை மாட்டும். முதல் நாள் அந்த இயந்திரக் குரல் எரிச்சலூட்டும், பரவாயில்லை. பழகிய வாசகர்கள் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அதைக் கேட்கிறார்கள்.

நூலாசிரியரே தப்பாக எழுதியிருந்தால் திருத்தலாமா?

கூடாது. அச்சில் இருப்பதே நூல். பார்வையுள்ளவர் கடையில் வாங்கும் பிரதியில் அந்தத் தப்பு இருக்கிறதென்றால், பார்வையற்றவர் கேட்கும் பிரதியிலும் அது இருக்க வேண்டும். ஆண்டு தப்பு, சந்தி தப்பு, வாக்கியம் கோணல் எதுவானாலும் சரி. அப்பட்டமான அச்சுப்பிழை என்றால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், அடுத்த சுற்றில் பார்ப்பவர் முடிவு செய்வார்.

வட்டார வழக்கிலும் இதே விதிதான். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ‘கதிரை’ என்று எழுதியிருந்தால் அது நாற்காலி ஆகாது. கரிசல் கதையில் வரும் பேச்சைப் பாடநூல் தமிழாக்கவும் வேண்டாம். நமக்குப் புரியாத சொல்லெல்லாம் பிழை இல்லை.

எனக்குப் பிடிக்காத கருத்துள்ள நூல் வந்தால்?

அந்த நூலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் கேட்கமாட்டோம், வேறு நூல் தருவோம். அதில் ஒரு வரியைக் குறைக்கும் உரிமை மட்டும் கிடையாது. மதம், சாதி, கட்சி, காமம் எதைப் பற்றியதாக இருந்தாலும், எதைப் படிப்பது என்பதை முடிவு செய்வது வாசகர். வயது வந்த ஒருவர் நாவல் கேட்டால் ‘இவருக்கு எதற்கு இது’ என்று யோசிக்கும் பழக்கம் நல்ல மனிதர்களிடமே இருக்கிறது. அதைச் சேரும்போதே வெளியே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

படங்களுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

முதலில் படத்தைச் சுற்றியுள்ள பாடத்தைப் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் புகைப்படம் சுற்றுலா பற்றிய பாடத்தில் வந்தால் ஒரு வரி போதும். சோழர் கட்டடக் கலை பற்றிய பாடத்தில் வந்தால் விமானம் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே உச்சிக்குப் போவதைச் சொல்லியாக வேண்டும். ‘அழகான’, ‘கம்பீரமான’ எல்லாம் வேண்டாம். தெரிவதைச் சொன்னால் போதும். வண்ணங்களையும் சொல்லுங்கள். ‘அவர்களுக்கு எதற்கு நிறம்’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், தேர்விலும் கேட்கிறார்கள். வாசகர்களில் பலர் பிறகு பார்வை இழந்தவர்கள், குறைபார்வை உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

வினாத்தாள், பயிற்சிப் பகுதி இரண்டிலும் கவனம். ‘படத்தில் உள்ளது எவ்வகைக் கோணம்?’ என்ற கேள்விக்கு ‘விரிகோணம் ஒன்றின் படம்’ என்று விளக்கம் எழுதினால் விடையைச் சொல்லிவிட்டீர்கள். ‘கிடையாக ஒரு கோடு, அதன் இடது முனையிலிருந்து இன்னொரு கோடு மேல்நோக்கி இடப்பக்கம் சாய்ந்து போகிறது’ என்று எழுதினால் மாணவர் தானே கண்டுபிடிப்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுத் திருத்தி அனுப்பலாமா?

வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, நாங்கள் அனுப்பும் நூல் பதிப்புரிமை உள்ளது. அதை வெளியார் சேவை எதிலும் ஏற்றக் கூடாது. இரண்டு, இந்தக் கருவிகள் படிக்க முடியாத இடத்தில் நிறுத்தி ‘தெரியவில்லை’ என்று சொல்வது குறைவு. பொருந்துகிற மாதிரி ஒரு சொல்லை, சில நேரம் ஒரு வரியையே, இட்டு நிரப்பிவிடும். வழவழவென்று ஓடும் அந்த வரியை இரண்டாம் சுற்றில் பார்ப்பவரும் சந்தேகப்படமாட்டார். எழுத்து தெரியாவிட்டால் கேள்விக்குறி மூன்று போட்டு விட்டுவிடுங்கள். அதுதான் எங்களுக்கு உதவி.

பதிப்புரிமை உள்ள நூலை இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா?

சரிதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 2012 திருத்தத்தில் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் ஒரு நூலை மாற்றுவதும் அவர்களுக்கு வழங்குவதும் உரிமை மீறல் ஆகாது. எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு நிபந்தனைகள் உண்டு. லாபம் பார்க்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம். பிரதி மாற்றுத்திறனாளிகளிடம் மட்டுமே போவதையும், வணிகச் சந்தைக்குள் நுழையாமல் இருப்பதையும் நாங்கள் உறுதி செய்ய வேண்டும்.

உலக அளவில் இதற்கு ஒப்பந்தமும் இருக்கிறது. மொராக்கோவின் மராகேஷ் நகரில் 2013-இல் கையெழுத்தானது. 2014-இல் அதை உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழி நூல்கள் இந்த வாசகர்களுக்காகவே இருக்கின்றன. யாராவது உறவினருக்காக ஒரு நூலைக் கேட்டு வந்தால், முதலில் அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருக்கிற நூலை மறுபடி செய்வது வீண் வேலை.

நான் மெய்ப்புப் பார்த்த நூலை நானே வைத்துக்கொள்ளலாமா? நண்பருக்கு அனுப்பலாமா?

இரண்டும் முடியாது. மேலே சொன்ன விலக்கு வாசகருக்காகத் தரப்பட்டது, நமக்காக அல்ல. உங்கள் பகுதி ஏற்கப்பட்டதும் கணினி, போன், மின்னஞ்சல், மேகச் சேமிப்பு எல்லாவற்றிலிருந்தும் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் ஒரு பக்கம்கூடப் போகக் கூடாது. ‘நல்ல பகுதி, ரசித்தேன்’ என்று திரைப்பிடிப்பு போடுவதும் இதில் அடங்கும். பெற்ற மகனே பார்வையற்றவர் என்றாலும் அவர் வாசகராகப் பதிந்துகொண்டு அவருடைய கணக்கில்தான் வாங்க வேண்டும். கறாராகத் தோன்றலாம். ஒரு பிரதி வெளியே கசிந்து திருட்டு பி.டி.எஃப். தளத்தில் ஏறினால், தாங்களாகவே முன்வந்து மூலக்கோப்பு தருகிற பதிப்பாளர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு தவிப்பது வாசகர்கள்தான். இந்த விதியை மீறினால் மட்டும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இரண்டு மூன்று மணி நேரம் போதும். எந்த நாள், எந்த வேளை என்பது உங்கள் விருப்பம்; டொராண்டோவில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் சிக்கல் இல்லை. கெடு மட்டும் இந்திய நேரப்படி.

ஏற்ற வேலையை முடிக்க முடியாமல் போனால்?

உடனே சொல்லுங்கள். ஒற்றை வரி போதும்: ‘முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.’ உடம்பு சரியில்லை, அலுவலகத்தில் நெருக்கடி, வீட்டில் கல்யாணம், அல்லது வெறும் சலிப்பு, எதுவானாலும் விளக்கம் தேவையில்லை. அரைகுறையாக முடித்ததையும் அனுப்புங்கள், அடுத்தவர் அங்கிருந்து தொடர்வார்.

எங்களை உண்மையிலேயே முடக்குவது மௌனம். ஒரு நூல் பதினைந்து பேரிடம் பிரிந்து கிடக்கும். பதினான்கு பேர் முடித்தாலும் பதினைந்தாமவர் பதில் போடாமல் இருந்தால் நூல் போகாது. கேட்டவர் மார்ச் மாதப் பொதுத்தேர்வு எழுதுகிறவராகவோ அரசுப் பணித் தேர்வு எழுதுகிறவராகவோ இருப்பார், தேர்வு நமக்காகக் காத்திருக்காது. அதனால் கெடு தாண்டி மூன்று நாள் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதியை வேறொருவருக்கு மாற்றிவிடுவோம். கோபம் இல்லை, நடைமுறை. இரண்டு தடவை இப்படியானால் கொஞ்ச காலத்துக்கு வேலை அனுப்பமாட்டோம். நீங்களாக ‘இப்போது முடியும்’ என்று எழுதினால் மறுபடி தொடங்கலாம்.

நூலைக் கேட்ட மாணவரிடம் நேரடியாகப் பேசலாமா?

யார் கேட்டார்கள் என்பதை உங்களிடம் சொல்லமாட்டோம். பெயர், எண், ஊர், என்ன படிக்கிறார்கள், எல்லாமே அவர்களுடைய சொந்த விவரம். ஐயம் இருந்தால் ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கேளுங்கள். வாசகர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து பேசும் பொதுக் கூட்டம் அவ்வப்போது நடக்கும். அங்கே தாராளமாகப் பேசலாம், அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்பது எந்தப் பயிற்சியையும்விட மேல். அந்தக் கூட்டத்தைப் பதிவு செய்வது, படமெடுத்து முகநூலில் போடுவது, தனிச் செய்தி அனுப்பி நெருங்குவது, பண உதவி செய்கிறேன் என்று சொல்வது, இவை கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த மாணவர்களுடன் தனி உரையாடல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். யாராவது உங்களிடமோ நீங்கள் அறிய வேறொருவரிடமோ வரம்பு மீறினால், ஆணோ பெண்ணோ, புகார்களைக் கவனிக்கும் இருவரில் ஒருவருக்கு எழுதுங்கள்; அந்த முகவரிகள் சேரும்போது தரப்படும் கடிதத்தில் இருக்கும்.

நான் பள்ளி மாணவி. சேரலாமா?

பதினாறு முடிந்திருந்தால் சேரலாம், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலோடுதான் கையாள வேண்டும். உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாவற்றிலும் பெற்றோரில் ஒருவர் நகலில் இருப்பார். சொந்தப் பொதுத்தேர்வு வருடத்தில் வராதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

சான்றிதழ், சம்பளம் உண்டா?

சம்பளம், ஊக்கத்தொகை எதுவும் இல்லை. உண்மையில் செய்த மணிநேரத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் தருவோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டிய கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. இதை ஏற்பதா என்பது உங்கள் திட்ட அலுவலரின் முடிவு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் செய்துவிட்டு நாற்பது என்று போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

கணினி அல்லது மடிக்கணினி, இணைய இணைப்பு, யூனிகோடில் தமிழ் தட்டத் தெரிந்திருப்பது. விசைப்பலகை தமிழ்99 ஆகவும் இருக்கலாம், ஒலிபெயர்ப்பு முறையாகவும் இருக்கலாம். போனில் மட்டும் செய்ய முயலாதீர்கள், கண் வலிக்கும், பிழையும் தப்பும்.

சரி, எப்படித் தொடங்குவது?

அறிமுகக் கூட்டம் முடிந்ததும் இரண்டு பக்கச் சோதனைக் கோப்பு வரும். அதில் நாங்களே சில பிழைகளை ஒளித்து வைத்திருக்கிறோம், எத்தனை என்று சொல்லமாட்டோம். ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்புங்கள். எதைத் தவறவிட்டீர்கள் என்று குறித்து அனுப்புவோம்; நிறையத் தவறியிருந்தால் இன்னொரு சோதனைக் கோப்பு வரும், அவ்வளவுதான். தேறியவர்களுக்கு முதல் நூலாகப் பெரும்பாலும் சிறுகதைத் தொகுப்பு தருவோம். அட்டவணையும் வரைபடமும் நிறைந்த புவியியல் நூல் கொஞ்ச நாள் கழித்து வரும்.